வரித்தலை வாத்துகள் கடந்த சாலை

டிசம்பர் 14, ஞாயிறு

வானம் மூடியே கிடக்கிறது, மழை மட்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் இன்னும் நாற்பத்திரண்டு திருத்த வேண்டும். அரிசியில் வண்டு. வெயில் இல்லாததால் காயப்போட முடியவில்லை.

பதினொரு மணிக்கு ரூபியிடமிருந்து போன். அவர் கணவர் செல்வின் இறந்து பதினொரு மாதமாகிறது. அதற்குப் பிறகு அவர் என்னை அழைப்பது இதுதான் முதல் தடவை. திரையில் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருந்தேன். மறுபடி அடித்தது.

“டீச்சர், அந்தக் குளத்துக்கு என்னை ஒரு தடவ கூட்டிட்டுப் போறீங்களா?”

“எந்தக் குளம்?” என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா எந்தக் குளம் என்று?

“நெடுங்கரைக் குளந்தான். பன்னெண்டு வருசம் அவிய அங்கயே கெடந்தாவ. நான் ஒரு நாளு எட்டிப் பாத்ததில்ல. வருசம் திரும்புறதுக்குள்ள பாத்துரணும்னு தோணுது.”

செல்வின் நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். பறவை பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். பருவம் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் குளத்துக்குப் போவோம். பொங்கலுக்குப் பிறகு நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நாங்கள் இருவரும் ஒரே அணி. போன ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலையில், குளத்துக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, ஓரமாக நின்றிருந்த லாரியில் கார் மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். எனக்கு விலா எலும்பு இரண்டு முறிந்தது. தேறிவிட்டேன்.

கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன்.

டிசம்பர் 15, திங்கள்

சம்மதித்திருக்கக் கூடாது.

டிசம்பர் 21, ஞாயிறு

தாள்கள் முடிந்தன. பதினோரு பேர் தேறவில்லை.

ரூபி மறுபடி பேசினார். கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் போகலாம் என்றார். அவர் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்கு அன்று விடுமுறையாம். “உங்களுக்குத்தான் கார் ஓட்டத் தெரியுமே. வாடகைக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போவமா? பஸ்ஸுல ரெண்டு எடத்துல மாறணும்லா?”

“இப்ப ஓட்டுறதில்ல ரூபி. விட்டுட்டேன்.”

“பயமாக்கும்” என்றார் அனுதாபமாக. “இருக்காதா பின்ன.”

போனை வைத்த பிறகு சமையலறையைக் கழுவினேன். போன வாரந்தான் கழுவியிருந்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

பாளையங்கோட்டையிலிருந்து ஆறேகால் பேருந்து. ரூபி கறுப்புச் சேலையில் வந்தார். பையில் நாலு இட்லி, ஒரு பிளாஸ்க், செல்வினின் பைனாகுலர். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை என்றார். அவர் மகள் ஜெனிட்டா சென்னையில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் வருச ஜெபம் முடியும்வரை விடுப்பில் வந்திருக்கிறாள், அறையை விட்டு வெளியே வருவதே இல்லையாம்.

இரண்டாவது பேருந்தில் நான் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. ரூபி உட்கார்ந்தார். கல்குவாரி தாண்டியதும் கேட்டார்.

“இந்த எடமா?”

“இன்னும் கொஞ்சம் போகணும்.”

இடம் வந்தபோது நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நேரான சாலை. இரண்டு பக்கமும் உடைமரங்கள், வேறொன்றும் இல்லை.

குளத்தில் தண்ணீர் கால்வாசிதான். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து மூன்று வருடமாகிறது. மேற்கே சேறு வெடித்துப் பாளம் பாளமாக இருக்கிறது. நடுவில் இருக்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் பாதிக் கூடுகளை அப்படியே விட்டுவிட்டன.

கூழைக்கடா 61. சங்குவளை நாரை 34. கரண்டிவாயன் 9. ஊசிவால் வாத்து 120 (ஏறத்தாழ). நாமக்கோழி எண்ணவில்லை. வரித்தலை வாத்து இல்லை.

குளத்துக் காவலர் ஆவுடையப்பன் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு வந்தார். ரூபியைப் பார்த்தார், பிறகு பைனாகுலரைப் பார்த்தார். யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சாரு மாதிரி ஒரு ஆளு இந்தக் கரைக்கு வரமாட்டாவம்மா” என்றார்.

ரூபி தலையசைத்தார். ஆவுடையப்பன் போனதும் ரூபி பைனாகுலரைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எங்கே திருப்ப வேண்டும் என்று காட்டினேன்.

“தெரியுதா?”

“தெரியுது. பெரிய கொக்கு மாதிரி ஒண்ணு. நிக்குது.” பைனாகுலரை இறக்கிவிட்டுக் கேட்டார். “இதுக்குத்தானா டீச்சர்? ராத்திரி பூரா மில்லுல நின்னுட்டு, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாம, காரை எடுத்துட்டு இதுக்குத்தான் ஓடி வந்தாவளா?”

குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தேன்.

“என் ஆங்காரம் தீர மாட்டேங்கு. எல்லாரும் அழுதாவ. நான் அழல. தூங்கிக்கிட்டே ஓட்டித் தன்னையும் கொன்னு உங்களையும் கொல்லப் பாத்தாரே அந்த மனுசன்.”

இட்லியை இருவரும் சாப்பிடவில்லை. திரும்பும்போது ஒரு நாய்க்குப் போட்டோம்.

டிசம்பர் 27, சனி

விலாவில் வலி. பனியால் இருக்கும்.

டிசம்பர் 30, செவ்வாய்

அன்றைக்கு மருத்துவமனையில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இதுவரை எங்கும் எழுதவில்லை.

மூக்கில் குழாய் இருந்தது. ஒரு போலீஸ்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். “பேச வேண்டாம்மா, தலைய மட்டும் ஆட்டுங்க” என்றார். “வண்டி அவரோடதா?” ஆட்டினேன். “அவருக்கு நைட் ஷிப்டாம்ல?” ஆட்டினேன். “அவர்தான் ஓட்டிட்டு வந்தாரு, என்ன?”

வண்டி அவருடையது. அவர் ஆண். வாக்குமூலத்தில் நான்கு நாள் கழித்துக் கையெழுத்து வாங்கினார்கள். அப்போது மூக்கில் குழாய் இல்லை.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ரூபி மறுபடி குளத்துக்குப் போகலாம் என்றார். முதல் தடவை பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லையாம். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இன்று முன்பைவிடப் பேசினார். கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். எதிரே கருவால் மூக்கன்கள் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபதுக்கு வந்தபோது அவர் கேட்டார்.

“டீச்சர், நேரா ஒண்ணு கேக்கேன். தப்பா எடுக்கக் கூடாது. உங்களுக்கும் அவியளுக்கும் ஏதாவது இருந்துச்சா?”

“இல்ல ரூபி.”

“சத்தியமா?”

“சத்தியமா. பறவையத் தவிர நாங்க எதையும் பேசினதில்ல.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஊரு சும்மா இருக்காதுல்லா. ரெண்டு பேரும் வெடியக்கால கார்ல போனாவன்னு அவிய அண்ணன் பொண்டாட்டியே பேசுனா. நான் நம்பல.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க பொய் சொல்ற ஆளில்ல.”

அப்போது சொல்லியிருக்கலாம். கை அவர் கையில்தான் இருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். “எனக்கு எது தாங்கலன்னு சொல்லட்டா? அன்னைக்குக் காலைல ஷிப்டு முடிச்சு வந்து குளிச்சிட்டுக் கிளம்புனாவ. நான் கேட்டுல நின்னு மறிச்சேன். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, இப்படி வண்டி ஓட்டக் கூடாதுன்னேன். பைபிள்ல கைய வைக்கச் சொன்னேன். சிரிச்சிட்டே வச்சாவ. ‘டீச்சர் வீடு வரைக்குந்தான், அதுக்கப்புறம் இன்னைக்கு ஸ்டியரிங்கத் தொட மாட்டேன், அவங்க ஓட்டுவாங்க’ன்னாவ. அப்படிச் சொல்லிட்டுப் போயி…”

அவர் முடிக்கவில்லை. வடக்கே சத்தம் கேட்டது. பார்க்காமலே எனக்குத் தெரியும். வரித்தலை வாத்துகள் வரும்போது தொலைவில் பலர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் இருக்கும். ரூபி எழுந்து நின்றார். “எவ்வளவு உசரத்துல வருது பாருங்க டீச்சர்! இதுதானா? இதுதானா அவிய சொல்லுவாவளே அது?”

“ஆமா” என்றேன். தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனன்னு எண்ணுங்களேன்.”

எண்ணவில்லை. குறிப்பேட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். ஒரு பிள்ளை எழுந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான்தான் ஓட்டினேன்.

எழுதிவிட்டேன். பேனா நிற்கவில்லை. இனி முழுவதும் எழுதலாம்.

என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கிச் சாவியை நீட்டினார். “இன்னைக்கு நீங்க ஓட்டுங்க டீச்சர்.” காரணம் சொல்லவில்லை. நாற்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். அவர் என்னை நம்பிச் சாவி கொடுத்தது எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது என்று எனக்கு நேற்றுவரை தெரியாது.

நாங்குநேரி தாண்டியதும் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். பெல்ட் நெஞ்சை அழுத்துகிறது என்று கழற்றியிருந்தார். போடச் சொல்லியிருக்க வேண்டும். சூரியன் அப்போதுதான் கிளம்பியிருந்தது. கல்குவாரிக்கு அப்பால் அவை வந்தன. குளத்திலிருந்து வயலுக்கு மேயப் போகிற கூட்டம். சாலைக்குக் குறுக்காக, மிகத் தாழ்வாக. அந்த வருடத்தில் முதல் தடவை. அவரை எழுப்ப நினைத்தேன். அதற்கு முன் எண்ணிவிடலாம் என்று நினைத்தேன். கண்ணாடி வழியாகத் தலையை உயர்த்தி எண்ணினேன். பதினேழு வரை எண்ணினேன்.

லாரியைப் பார்த்ததும் வலப்பக்கம் ஒடித்தேன். அதனால் அவர் இருந்த பக்கம் இடித்தது.

அவர் பக்கக் கதவு திறக்கவில்லை. உள்ளே ஏறி அவரை என் பக்கமாக இழுத்தேன். பாதிதான் வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே அவர் தலை. அதற்கு மேல் எனக்கு வலு இல்லை. வெளியே வந்து சாலையில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் வந்தபோது அவரை டிரைவர் சீட்டில்தான் பார்த்தார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். பொய் சொன்னது நான், தலையை ஆட்டி.

முதலில் பயம். வேலை போகும், ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று. பிறகு, செத்தவருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லிக்கொண்டேன். என்ன நஷ்டம் என்று நேற்று அவர் மனைவி சொல்லிவிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று ரூபி வீட்டுக்குப் போனேன். அவர் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். ஜெனிட்டா கதவைத் திறந்தாள். வராந்தாவில் செல்வினின் பறவைக் குறிப்பேடுகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன.

“பழைய பேப்பர்காரருக்குப் போடப் போறேன். உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க டீச்சர்.”

“அம்மாட்ட கேட்டியா?”

“அம்மாதான் கண்ணு முன்னால இருக்கக் கூடாதுன்னாங்க.” கயிற்றை இறுக்கினாள். “எனக்கும் வேண்டாம். பைபிள்ல கைய வச்சு அம்மாட்ட சொல்லிட்டு, தெரு முனை திரும்பினதும் மறந்துட்டாங்க. எங்க ரெண்டு பேரையும் விட அவங்களுக்கு அந்தக் குளந்தான் பெருசு.”

இருபத்திரண்டு வயதுப் பெண். அப்பாவின் அதே நெற்றி.

அம்மா வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். குறிப்பேடுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பதினெட்டு இருக்கின்றன. ஒன்றையும் திறக்கவில்லை.

ஜனவரி 14, புதன்

பள்ளியில் பொங்கல் விழா. கோலப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். யாருக்குப் பரிசு கொடுத்தேன் என்று நினைவில்லை.

ஜனவரி 17, சனி

நாளை கணக்கெடுப்பு. ஊர் நூலகக் கட்டடத்தில் தங்க இடம் தந்திருக்கிறார்கள். ரூபியும் வருவதாகச் சொல்லியிருந்தார். “அவிய பேரு இருந்த எடத்துல இந்த வருசம் என் பேரப் போடுங்க. எண்ணத் தெரியாட்டி எழுதவாவது செய்யுதேன்” என்றிருந்தார்.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். வெயில் ஏறவே இல்லை. தண்ணீர் இன்னும் உள்வாங்கியிருக்கிறது. மரத்தடியில் கூழைக்கடாக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. நானும் ஆவுடையப்பனும் ஒன்பது எண்ணினோம். அவர் சாக்கை எடுத்துவரப் போனார். நாங்கள் இருவர் மட்டும்.

“ரூபி, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்.”

“நின்னுட்டே கேக்கேன், சொல்லுங்க.”

“அன்னைக்குக் காரை அவர் ஓட்டல. நான் ஓட்டினேன்.”

அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“திரும்பச் சொல்லுங்க.”

சொன்னேன். சாவி கொடுத்ததை, தூங்கியதை, வாத்துகளை, பதினேழை, ஆஸ்பத்திரியை. ஒன்றும் விடவில்லை. அவர் மெதுவாகச் சேற்றிலேயே உட்கார்ந்தார்.

“அப்ப அவிய தொடல.”

“தொடல.”

“எனக்குச் சொன்னபடியே…”

“ஆமா.”

சேற்றை விரலால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு குரல் வந்தது, அடங்கிய குரல். “ஒரு வருசம் டீச்சர். ஒரு வருசமா ஏசுதேன் அந்த மனுசன. வீட்டுல ஏசுனேன், ஜெபத்துல ஏசுனேன். கல்லறைல போயி, எல்லாரும் பூ வைக்கையில, நான் நின்னு ஏசிட்டு வந்தேன். பொய்யான்னு கூப்புட்டேன். என் பிள்ளையும் அப்படியே கூப்புடுது.”

எனக்கு அழுகை வந்தது.

“அழாதீங்க” என்றார். “உங்க அழுகைய என்னால இப்ப பாக்க முடியாது.”

அடக்கிக்கொண்டேன்.

“போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்.”

“குடுக்கேன்.”

“அதுக்கு முன்னால, திங்கக்கிழமை வீட்டுல ஜெபம் இருக்கு. வருச ஜெபம். சொந்தக்காரங்க எல்லாரும் வருவாவ. அங்க வந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்.”

“சொல்லுதேன்.”

எழுந்தார். சேலையில் சேறு. துடைத்துக்கொள்ளவில்லை. ஆவுடையப்பன் சாக்கோடு வந்தபோது, “அண்ணாச்சி, அஞ்சு மணி பஸ்சு எங்கன நிக்கும்?” என்று கேட்டுவிட்டுக் கரையில் இறங்கி நடந்தார். அவர் பை என்னிடம் இருந்தது. ஆவுடையப்பன்தான் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜனவரி 18, ஞாயிறு

தனியாக எண்ணினேன். காலை ஆறு முதல் பத்து வரை.

கூழைக்கடா 22. சங்குவளை நாரை 15. கரண்டிவாயன் 4. ஊசிவால் வாத்து 85. கருவால் மூக்கன் 140. பாம்புத்தாரா 2. வரித்தலை வாத்து 38.

படிவத்தில் இரண்டாம் ஆள் என்ற இடத்தில் ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 19, திங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெபம். முப்பது பேர் இருக்கும். பாட்டு முடிந்து போதகர் உட்கார்ந்ததும் ரூபி என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். இருபத்தேழு வருடமாக வகுப்பில் நின்று பேசுகிறவள், முதல் வாக்கியத்தை இரண்டு தடவை தொடங்க வேண்டியிருந்தது.

சொல்லி முடித்ததும் செல்வினின் அண்ணன் அடிக்க எழுந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் “பாவி” என்றாள். போதகர் என்னவோ சொன்னார், காதில் விழவில்லை.

ஜெனிட்டா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லோரும் அடங்கிய பிறகு கேட்டாள். “அப்பாக்கு வலிச்சிருக்குமா?”

“தூங்கிட்டிருந்தாங்க. முழிக்கவே இல்ல.”

“இது நெசமா?”

ஒரு வருடம் பொய் சொன்னவளிடம் வேறெப்படிக் கேட்பாள்? “நெசம்” என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் அவள் அழும் சத்தம் கேட்டது. ரூபியும் உள்ளே போனார். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

குறிப்பேடுகள் பதினெட்டையும் ஆட்டோவில் கொண்டுபோய் ரூபி வீட்டு வராந்தாவில் வைத்தேன். யாரும் வெளியே வரவில்லை. தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர், வழக்கு திரும்ப எடுக்கப்படும், கைதுகூட நடக்கலாம் என்றார். பால்காரரிடம் நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

காலை பத்து மணிக்குக் காவல் நிலையம். வாசல் வேப்பமரத்தடியில் ரூபி நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை. எப்போது வருகிறேன் என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

உள்ளே பெஞ்சில் ஒரு ஓரத்தில் அவர், ஒரு ஓரத்தில் நான். ஒன்றரை மணி நேரம். எழுத்தர் கூப்பிட்டார். அப்பா பெயர், வயது, தொழில் கேட்டார். “இவங்க யாரு?” என்று ரூபியைக் காட்டினார்.

“எறந்துபோனவரோட சம்சாரம்” என்றார் ரூபி.

எழுத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல?”

“பயம்.”

“இப்ப பயம் இல்லயா?”

“இருக்கு.”

வெள்ளைத்தாளும் பேனாவும் தந்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். மேஜை ஓரத்தில் நின்றபடியே எழுதினேன். ஒன்றேகால் பக்கம் வந்தது. வாங்க எழுத்தர் கையை நீட்டினார். அவருக்கு முன் ரூபி எடுத்துக்கொண்டார்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டாவது பத்தியில் விரல் நின்றது.

“இங்க ‘கார் லாரியில் மோதியது’ன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“கார் தானா மோதல டீச்சர்.” தாளை என் முன்னால் திருப்பி வைத்தார். “‘மோதினேன்’னு எழுதுங்க.”

அடித்துவிட்டு எழுதினேன். அடித்த இடத்திலும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார் எழுத்தர். போட்டேன்.